பொட்டலம் மடிக்கும் முன்

மருமகளே, பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்துவிட்டாய், நம் கடையின் ஓரத்திலேயே மேசை போட்டு நோயாளி பார்க்கப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். சந்தோஷம். சுவடியில் இருப்பதும் உனக்குத் தெரியும், ஆய்வுக்கூடத்தில் இருப்பதும் தெரியும். நான் நாட்டு மருந்துக் கடையில் பெட்டிகளுக்கும் தராசுக்கும் நடுவே ஆயுசைக் கழித்தவள். யார் எதை வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தபோது முகம் எப்படி இருந்தது, யார் வரவே இல்லை என்பதுதான் என் படிப்பு. அதிலிருந்து சிலதை எழுதி வைக்கிறேன். உதவுவதை எடுத்துக்கொள்.

1. "மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது" என்ற பேச்சு உன் வாயிலிருந்து வரவே கூடாது. நம் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்தப் பேச்சுதான் என்பேன். உடம்புக்குள் போய் வேலை செய்கிற எதுவும், ஆள் மாறினாலோ அளவு மாறினாலோ வேண்டாத வேலையும் செய்யும். செங்காந்தளைப் பார். மாநில மலர் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதையே கண்வலிக்கிழங்கு என்று தோட்டம் தோட்டமாகப் போட்டு, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கால் பெருவிரல் சிவந்து வீங்கித் துடிக்கிற கௌட் நோய்க்கு உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து. அதே செடியின் கிழங்கை, தின்கிற கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் நம் ஊரிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வாந்தியும் பேதியுமாகத் தொடங்கும். தப்பிப் பிழைத்தவருக்கும் சில நாள் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மருந்துக்கு ஒரு செடி, விஷத்துக்கு ஒரு செடி என்று சாமி தனித்தனியாகப் படைத்து வைக்கவில்லை.

2. அதற்காக எந்த ஆங்கில மருத்துவர் முன்னாலும் நீ கூனிக் குறுகவும் வேண்டாம். மலச்சிக்கலுக்கு நம் கடையில் நிறுத்துக் கொடுக்கிற நிலாவாரை திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் மானாவாரி நிலத்தில் விளைகிறது. வெளிநாட்டுச் சந்தையில் அதன் பெயரே 'டின்னவெலி சென்னா'. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவுக்கு இடம் இருக்கிறது. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜால் வகீல் என்ற இதய மருத்துவர் அதை ரத்த அழுத்தக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்துக் கணக்கு வைத்து, 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். மூன்றே வருடத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு உலகம் முதன்முதலில் நம்பி விழுங்கிய மாத்திரைகளில் அதுவும் ஒன்று. அளவு கூடினால் மனச்சோர்வு வரலாம் என்று பிறகு எச்சரித்ததும் அதே மாத்திரையைப் பற்றித்தான். நிலாவாரையும் அப்படியே: நாலு நாளைக்கு நல்லது, நாலு வருடம் தொடர்ந்தால் உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கிவிடும். அது இல்லாமல் குடலும் அசையாது என்ற நிலைக்கு வந்துவிட்ட பாட்டிகளை நம் கடை வாசலிலேயே பார்க்கலாம். பெருமை பேசும்போது இந்தப் பாதியையும் சேர்த்தே பேசு.

3. பாதி உண்மையை விற்காதே. கீழாநெல்லி விஷயத்தில் நீ இதைத் தினமும் சந்திப்பாய். 1988-இல் சென்னையில் தியாகராஜனும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வு லான்செட்டில் வந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஹெபடைட்டிஸ் பி-யைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நம்மவர்கள் இதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, பறித்த பருவம் வேறா, முதல் கணக்கே அதிர்ஷ்டமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காமாலைக்காரர் வந்து கேட்டால் இரண்டையும் சொல். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு. காமாலை நோயின் பெயரே இல்லை, கல்லீரல் ஏற்றும் கொடி அது. பித்தப்பைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், புற்று வந்தாலும் ஆகும். தானே இறங்குகிற காமாலையை இறக்கிவிட்டுப் பெயர் வாங்கிய வைத்தியர்கள் எத்தனையோ பேர். இறங்காத காமாலையை மோரும் கீழாநெல்லியுமாக நிறுத்தி வைத்து நாளைக் கடத்தியவர்களும் அவர்களேதான்.

4. சரக்கைக் கண்ணால், மூக்கால், நாக்கால் பார்க்கக் கற்றுக்கொள். என் மாமனார் மூட்டை இறங்கியதும் ரசீதைக் கையில் வாங்க மாட்டார். மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பார். ஒடித்துச் சத்தம் கேட்பார், முகர்வார், பல்லில் வைத்துக் கடித்துத் துப்புவார். அசோகப்பட்டை என்று வந்த மூட்டையை அப்படித்தான் ஒருநாள் வண்டியிலேயே திருப்பி ஏற்றினார். வந்திருந்தது நெட்டிலிங்கப்பட்டை. பள்ளிக்கூடத்து மதிலோரம் ஈட்டி மாதிரி நெட்டையாக நிற்கிற மரத்தை ஊரே அசோக மரம் என்கிறது. பெரும்பாட்டுக்குக் கேட்கும் அசோகு அது அல்ல, செக்கச்செவேல் என்று கொத்தாகப் பூக்கிற வேறு மரம்.

சீந்திலில் இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று உனக்கு நினைவிருக்கும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று ஆளாளுக்குச் சீந்தில் கொடியை வெட்டிக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம், அவர்கள் சாப்பிட்டது சரியான சீந்தில்தானா என்று பார்த்தீர்களா என்று கேட்டது. கேள்வி நியாயமே. அந்தக் குலத்திலேயே தண்டு முழுக்கக் கரடுகரடாகப் பரு எழுந்த இன்னொரு கொடி உண்டு, அதற்குக் கல்லீரலைக் கெடுத்த வரலாறும் உண்டு. ஆனால் நம் சீந்திலே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. தப்புக் கொடி என்றால் அது கடைக்காரர் பொறுப்பு, சரியான கொடி என்றால் அது வைத்தியர் பொறுப்பு. நம் வீட்டில் இரண்டு பேரும் இனிமேல் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், தப்பிக்க வழியில்லை.

5. பழைய பெயரைக் கண்டு மயங்காதே. ஆடுதின்னாப்பாளை பூச்சிக்கும் பூரான் கடிக்கும் நம் ஊரில் தொன்றுதொட்டு இருக்கிறது. ஈச்சுரமூலியை வீட்டில் வளர்த்தாலே பாம்பு அண்டாது என்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. சீனப் பெயர்கள் ஒன்றுபோல இருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. நூறு பெண்களுக்கு மேல் பாதிப்பு. பிறகு பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. கலந்த அந்தச் செடி ஆடுதின்னாப்பாளைக்கும் ஈச்சுரமூலிக்கும் சொந்தக்காரி. அவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டது. இதில் நீ யோசிக்க வேண்டியது ஒன்று. தின்றவுடன் மயங்கி விழுந்தால் முன்னோர் கண்டுபிடித்திருப்பார்கள். பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால் எந்தப் பாட்டன் எந்தச் செடியோடு முடிச்சுப் போட்டிருக்க முடியும்? முன்னோரைக் கும்பிடு. அவர்கள் கையில் இல்லாத கருவி உன் கையில் இருப்பதையும் நினைத்துக்கொள். அந்த இரண்டு சரக்கையும் உள்ளுக்குச் சாப்பிட நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

6. சுத்தி செய்யாத சரக்கைச் சுத்தி தெரியாத கையில் கொடுக்காதே. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பாட்டிமார் சொன்னது அடுப்படிச் சரக்குக்கே. அப்படியிருக்க நாபி, எட்டி, சேங்கொட்டைக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்? ஒரு பையன் செல்போனைக் காட்டி, "சேங்கொட்டை கால் கிலோ வேணும், நானே லேகியம் கிண்டப்போறேன்" என்றான். சேங்கொட்டை மாமரமும் முந்திரியும் பிறந்த குடும்பம். அதன் கறுப்புப் பால் துணியில் பட்டால் வெளுத்தாலும் போகாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் துணிக்குக் குறிபோட அதை வைத்திருந்தார்கள். தோலில் பட்டால் கொப்புளிக்கும். இவ்வளவும் சொல்லி, "தம்பி, இதை நான் தர மாட்டேன்" என்றேன். கோபமாகப் போய் வேறு கடையில் வாங்கிவிட்டான். அடுத்த வாரம் அவன் அம்மா வந்தாள். பையனுக்கு இமை திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடக்கிறதாம், அரிப்புக்கு ஏதாவது கொடு என்றாள். கொதிக்க வைத்தபோது ஆவி பட்டிருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வியாபாரத்தில் 'இல்லை' என்று சொல்வதற்குக் கடையில் சரக்கு இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

7. மருந்து கொடுக்கும் முன் மாத்திரைப் பையைக் கேள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். நம்மிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆங்கில மருந்தும் சாப்பிடுகிறார்கள். நம்மிடம் அதைச் சொல்ல மாட்டார்கள், அங்கே போனால் நம்மைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் திட்டு விழும் என்ற பயம். "வேறே என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்பார்கள். "சர்க்கரைக்கு, பிரஷருக்கு மாத்திரை உண்டா? அந்தப் பையை அப்படியே எடுத்துட்டு வாங்க" என்று கேள், மஞ்சப்பை நிறைய வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடி வாங்குவார். அந்த இலையை மென்றுவிட்டுச் சீனியை நாக்கில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும், சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே அதனால்தான். மனிதருக்கு அதில் குஷி. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடாமல், இதையும் கரண்டி கரண்டியாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். விடியற்காலையில் வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். நல்லவேளை, அவர் மருமகள் நர்ஸ். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவருக்குப் பொடி வேலை செய்யவில்லை என்று யார் சொல்வது? வேலை செய்ததுதான் சங்கடம்.

அதிமதுரம் தொண்டைக்கு இதம், ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். அமுக்கரா தைராய்டு சுரப்பை ஏற்றக்கூடும். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. டென்மார்க் 2023-இல் தடையே போட்டுவிட்டது, அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம், நீ படித்தவள், பார்த்துக்கொள். இதயத்தில் வால்வு வைத்து, ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் குழம்பில் போடுகிற பூண்டும் இஞ்சியும் வேறு, மருந்தாக அள்ளிப் போடுகிற பூண்டும் இஞ்சியும் மஞ்சளும் வேறு. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடு.

8. ஒரே நாளில் மூட்டுவலியைப் போக்கும் பொடி என்று எவனாவது கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பு. நம் மருந்து மெதுவாக நடக்கும். இரண்டாவது வேளையிலேயே படுத்த கிழவி எழுந்து கோலம் போட்டாள் என்றால் பொடிக்குள் ஸ்டீராய்டு மாத்திரை அரைத்துக் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படு. லேபிள் இருக்காது, லைசென்ஸ் எண் இருக்காது, 'பரம்பரை ரகசியம்' மட்டும் இருக்கும். அப்படி ஒரு பொடியை வருடக்கணக்கில் எங்கிருந்தோ தபாலில் வரவழைத்துச் சாப்பிட்ட அம்மாள் நம் கடைக்கு வருவாள். முகம் நிலா மாதிரி உருண்டு, கை கால் குச்சியாகி, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றிப்போய், சர்க்கரையும் வந்துவிட்டது. அப்படிப்பட்டவரிடம் "அதைத் தூக்கி எறியுங்க" என்று ஆவேசமாகச் சொல்லிவிடாதே. உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் மயங்கி உயிருக்கே ஆபத்தாகும். பொடியோடு டாக்டரிடம் அனுப்பு, படிப்படியாகக் குறைப்பார்கள்.

9. ரசம், கந்தகம், பாஷாணம் பற்றி உனக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் 70-ஐ வாங்கிச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. முறைப்படி புடம் போட்டால் விஷம் போய்விடும் என்று நம்மவர்கள் பதில் சொன்னார்கள். போகிறதா என்பதை வாய் சொல்லக்கூடாது, ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சீட்டு சொல்ல வேண்டும். சீட்டு இல்லாத செந்தூரம் உன் மேசைக்கு வர வேண்டாம்.

10. கைக்குழந்தை வந்தால் உன் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் மூட்டை கட்டி வை. உரைமருந்து கேட்பார்கள்: மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு. கல்லில் தாய்ப்பால் விட்டு ஒன்றிரண்டு சுற்று இழைத்து நாக்கில் தடவுவது பழக்கம். இப்போது இழைக்கத் தெரியாத பெண்கள் பொடியாகக் கேட்டு ஸ்பூனில் கரைத்து ஊற்றுகிறார்கள். இழைத்தால் வருவது எவ்வளவு, ஸ்பூனில் போவது எவ்வளவு? வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்கிறோம், சுட்டுக் கரியாக்கித்தான் தொடுவோம். அதிலுள்ள அசரோன் விலங்குகளுக்குப் புற்றை உண்டாக்கியது என்று அமெரிக்கா 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனில் குழைத்து எதையும் கொடுக்கச் சொல்லாதே, தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் பச்சைக் குடலில் முளைத்துப் பிள்ளையைத் துவள வைத்துவிடும். சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார்களே, அது தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரக்கூடும். பாட்டிகளோடு சண்டை போடாதே. "ஆச்சி, உங்க கை பட்டாலே பிள்ளைக்குச் சளி இறங்கும், கற்பூரம் எதுக்கு?" என்று சொல்லிப் பார், பாதிப்பேர் கேட்பார்கள்.

11. கர்ப்பிணிக்கு, சந்தேகம் வந்தால் கொடுக்காதே. சந்தேகம் வராவிட்டாலும் இன்னொரு தடவை யோசி.

12. சில நோய்களுக்கு உன் மேசையில் உட்கார நேரமே கொடுக்காதே. பாம்புக்கடி, நாய்க்கடி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது. சிறியாநங்கை தின்றால் பாம்பு விஷம் ஏறாது என்பார்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. காட்டுமூலிகை அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. அந்த இருளர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு ஊசியில் பெரும்பகுதி தயாராகிறது. ஆகவே மூலிகைப் பெருமை பேசி யாரையும் நிறுத்தி வைக்காதே, ஆட்டோவைக் கூப்பிடு. வெறிநாய்க்கடியில் நோய் வெளிப்பட்டுவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் கிடையாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்கு அனுப்பு.

13. கூட்டம் கூடுகிற காலத்தில் நிதானம் தவறாதே. 2012-இல் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீருக்கும், 2020-இல் கபசுரக் குடிநீருக்கும் நம் கடை வாசலில் ரோடு வரை வரிசை நின்றது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரத்தில் பதினைந்து. விலை ஏறியதும் சந்தையில் கிடைத்த கபசுரப் பொடியைக் கையில் தேய்த்துப் பார்த்தால் பாதி உமி. அக்கரகாரம் சேர்ந்திருந்தால் நாக்கு சுரீரென்று மரத்துப்போகும், அந்தப் பொடியில் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம், நல்ல சரக்கையே வாங்கிப்போய் மூன்று வேளையும் மாதக்கணக்கில் டீக்குப் பதிலாகக் குடித்து வயிறு புண்ணானவர்கள். எத்தனை நாள், எத்தனை வேளை, எப்போது நிறுத்துவது என்று சொல்லாமல் மருந்து கொடுக்காதே. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், சூரணத்துக்கு மூன்று மாதம், நெய்க்கும் இளகத்துக்கும் ஆறு மாதம் என்று நூல் சொல்கிறது. காலையில் காய்ச்சிய குடிநீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி ராத்திரி குடிக்கிறார்கள். வெருகடி என்றால் எவ்வளவு என்று விரல் நுனிகளைச் சேர்த்து அள்ளிக் காட்டு, பிறகு கிராமிலும் எழுதிக் கொடு. உன் விரலும் சுமை தூக்குகிறவர் விரலும் ஒன்றா?

14. கெட்டது நடந்தால் மறைக்காதே. நோட்டுப் போடு. யாருக்கு, என்ன, எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி எண், எந்தத் தேதி என்று எழுது. தடிப்போ வாந்தியோ கண் மஞ்சளோ வந்தால் அதையும் அதற்கு எதிரிலேயே எழுது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளால் வரும் கேடுகளைத் திரட்ட 2018-இல் அரசாங்கம் ஏற்பாடு செய்தது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அதில் பங்கு உண்டு. தகவல் கொடுத்தால் நம்மைத்தான் பிடிப்பார்கள் என்று பழைய வைத்தியர்கள் பயந்தார்கள். அதனால்தான் எந்தச் சரக்கு யாரைக் கெடுத்தது என்ற கணக்கே நம்மிடம் சேரவில்லை. வியாதிக்காரர் திரும்பி வரவில்லை என்றால் குணமாகிவிட்டார் என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. ஒரு போன் போட்டுக் கேள்.

15. ஊரிலிருக்கும் டாக்டர்களிடம் பழகு. "அந்தக் கெமிக்கலை நிறுத்துங்க" என்று நோயாளியிடம் சொல்லி அவரைப் பகைக்காதே. அவரும் "அந்தக் குப்பையை நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் நிற்கிறவர் இரண்டையும் ஒளித்துச் சாப்பிடுவார். நம் தெருமுனை டாக்டரம்மாவை உன் மாமாவுக்கு ஆகாது, நான்தான் பேசி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அங்கே கூட்டம் குறையும். நீ கொடுக்கப்போகும் மருந்துகளின் பட்டியலைச் சரக்குப் பெயரோடு தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை என்னோடு வா.